கல்தொட்டியில் ஊற்றிய நீர்

நம் தெருவின் சிறப்பு மலருக்கு என் அப்பாவை, என் நைனாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். சேலத்து மாவு வராமல் போன மழைக்காலத்தில், வீட்டுக் கொல்லையிலேயே மரவள்ளி மாவு எடுத்து, தெருவின் தறிகள் நிற்காமல் அவர் பார்த்துக்கொண்டதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். குறிப்பிடுகிறேன். அந்தப் பருவத்தை என்னளவு அறிந்தவர் இன்று உயிரோடில்லை. திருப்பதியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அளந்து பேசுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். இதையும் அளந்துதான் எழுதுகிறேன். 

உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கக் கூடுமாதலால் சிலவற்றை விளக்க வேண்டியிருக்கிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பச்சையாகத் தறியில் ஏறினால் உராய்ந்து பஞ்சாகிவிடும். கஞ்சி ஊட்டினால்தான் தாங்கும். வெயில் ஏறுவதற்கு முன், தெரு நெடுகக் கழிகள் நட்டு நூலை நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தோய்த்த தூரிகையால் நீவிக்கொண்டே போவார்கள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சித் தருபவர் என் நைனா. கொதிக்கும் அண்டாவிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, கையைச் சாய்த்துப் பார்ப்பார். சொட்டு வழியாமல் நின்று, அதனூடே நகம் தெரிந்தால் பதம். அரிசிக் கஞ்சி நாளாக நாளாகப் புளிக்கும், கேழ்வரகுக் கஞ்சி நூலைப் பழுப்பாக்கும். மரவள்ளிக் கஞ்சிதான் கண்ணாடிபோல் இருக்கும் என்பார்.

அந்த மாவு இல்லாத இடமே எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அதில் வடாம் பிழிந்தாள். குழம்பு நீர்த்துப்போனால் ஒரு கரண்டி கரைத்து விட்டாள். சினிமாக் கொட்டகைக்காரர் சுவரொட்டிக்குப் பசை கேட்டு வாளியுடன் வருவார். என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை ஒட்டியதும், நைனாவின் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றதும் அதனால்தான். விரலிடையே தேய்த்தால் மணலை மிதித்ததுபோல் நறநறக்கும். அந்த ஓசையை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் பாலங்கள் உடைந்தன. சேலத்து லாரிகள் வரவில்லை. மாவு மூட்டை அடுக்கும் அறையில் வெறும் சாக்குகள் கிடந்தன. திருப்பதியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா அப்போதுதான் ஒரு யோசனையுடன் வந்தார். அவருடைய தோழன் ஒருவனின் ஊர் பலமனேர்ப் பக்கம். அங்கே ஒருவர் ஆலைக்கென்று பயிரிட்ட கிழங்கு, மழையால் ஆலைக்குப் போகாமல் நிலத்திலேயே கிடந்தது. அதை வரவழைத்து நாமே மாவு எடுத்தால் என்ன என்றார். நைனா தெருவினர் முன்னிலையில் அறிவித்தார்: “எங்கொல்லயில கஞ்சி காயற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு தறியும் நிக்காது.” அவர் சொல்லிவிட்டால் அது நடந்தாக வேண்டும்.

கிழங்கு வந்த அன்று மாலை, சித்தப்பா எங்களையெல்லாம் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“இது ஆலைக் கெழங்கு. நம்ம சந்தையில விக்கிற கெழங்கு மாதிரிதான் இருக்கும், ஆனா கசப்பு. வேகவச்சித் துன்னுடாதீங்க. தோலையும் அலசின தண்ணியையும் ஆடு மாடு வாய் வெக்கக்கூடாது. வெசம்.”

அம்மா மார்பில் கை வைத்தாள். “அய்யோ, அப்போ மாவு?”

“மாவுல ஒண்ணும் நிக்காது அண்ணி. தண்ணியோட போயிடும். அலசி, தெளிய வச்சி, வெயில்ல காயவச்சா சுத்தம்.”

அறிவியல்படி அவர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் நைனா வேறொன்றை யோசித்தார். அறுந்த பாவு இழையை நம்மவர்கள் எச்சில் தொட்டுத்தான் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு நாளில் நூறு முறை அந்தக் கஞ்சி நூலைத் தொட்ட விரல் வாய்க்குப் போகும். விஷம் என்ற சொல் தெருவில் விழுந்தால், எங்கள் கஞ்சி ஊட்டிய பாவை எவரும் தொட மாட்டார்கள்.

“கசப்புன்ற பேச்சு இந்த வாசப்படிய தாண்டக்கூடாது,” என்றார் நைனா. “யாரு கேட்டாலும் சாதா கெழங்குதான். தண்ணிய பின்னால குழியில ஊத்துங்க.”

எச்சரிக்கை எங்கள் வீட்டோடு நின்றது. தெருவுக்கு அது சொல்லப்படவில்லை. அன்று கதவைச் சாத்தியதுதான் முதல் தவறு என்று இன்று தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது பயம் மட்டுமே. ஒன்பது வயதுப் பெண்ணின் கையில் வீட்டு மானத்தையும் விஷத்தையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

ஆணி அடித்துத் துளையிட்ட தகரத்தில் கிழங்கைத் துருவினார்கள். துருவலைத் தண்ணீரில் பிசைந்து பழைய வேட்டியில் வடிகட்டினால், பால்போல ஒரு நீர் இறங்கும். மூன்று அண்டாக்களில் அதை அசையாமல் வைப்பார்கள். விடிந்ததும் மாவு அடியில் வெண்கல்லாக இறுகியிருக்கும். மேலே கலங்கிய நீர் நிற்கும். அந்த நீரைக் குடத்தில் மொண்டு, கொல்லைக்கு அப்பால் வெட்டியிருந்த குழியில் ஊற்றுவது என் வேலை. முதல் நாள் குடத்தை இடுப்பில் வைக்கவே அஞ்சினேன். தண்ணீர் தளும்பிக் காலில் பட்டால் கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாதுமைக்கொட்டை வாடைபோல் லேசாக ஒன்று அதிலிருந்து வரும். மூச்சை அடக்கிக்கொண்டே நடப்பேன்.

குழிக்குப் போகும் வழியில் ஒரு காட்டாமணக்குப் புதர். மூன்றாம் நாள் அதிலிருந்த குளவி என் கழுத்தில் கொட்டியது. நான்காம் நாள் கழுத்து வீங்கியிருந்தது. இரண்டு குடம் ஊற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் குடத்தோடு போனபோது புதருக்குள் ரீங்காரம் கேட்டது. குடத்தோடு திரும்பிவிட்டேன்.

கொல்லை வாசலில் எங்கள் கழுநீர்த் தொட்டி இருந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படியொரு கல்தொட்டி உண்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி எல்லாம் அதில் சேரும். கடைசி வீட்டு மாட்டுக்காரம்மா காலையில் தன் இரண்டு பசுக்களையும் அவிழ்த்துவிடுவார். அவை தாமாகவே தொட்டி தொட்டியாகக் குடித்துக்கொண்டு வரும். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செம்பு மோர் வரும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

குடத்து நீரும் கழுநீரும் ஒரே நிறம். தொட்டியில் கவிழ்த்தேன். அடுத்த குடத்தையும் கவிழ்த்தேன். பிறகு வாரிக் கொட்டிவிடலாம் என்று நினைத்ததாக நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நான் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை.

அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது செவலைப் பசு வந்தது. தொட்டியில் முகத்தை வைத்து, எடுக்காமல் குடித்தது. பின்னால் வந்த வெள்ளைக் கிடேரி முட்டி மோதி இடம்பிடித்து நான்கு வாய்தான் குடித்திருக்கும். செவலை கொம்பால் தள்ளிவிட்டது. நான் கையில் தேங்காய்நாருடன் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஹை” என்று ஒரு சொல் போதும், இரண்டும் விலகியிருக்கும். அந்தச் சொல் வரவில்லை. விரட்டினால் ஏன் விரட்டினாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

சிறிது நேரத்தில் தெருவிலிருந்து கூச்சல் கேட்டது.

உங்களில் சிலர் அங்கே நின்றிருந்தீர்கள். செவலை தள்ளாடி வந்து, நீட்டியிருந்த பாவின் நடுவே புகுந்து, நூலையெல்லாம் கழுத்தில் சுற்றிக்கொண்டு விழுந்தது. கஞ்சி காயாத வெள்ளை நூல். அதன் கால்கள் உதைக்க உதைக்க இழைகள் படபடவென்று அறுந்தன. வாயில் நுரை. வயிறு துருத்திபோல் ஏறி இறங்கிற்று. மாட்டுக்காரம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எஞ்செவல, எஞ்செவல, இன்னாடி ஆச்சி உனுக்கு?” என்று கதறினார். கொஞ்ச தூரத்தில் கிடேரி முழங்கால் மடிந்து உட்கார்ந்தது.

பக்கத்து ஊருக்கு ஊசி போட வந்திருந்த மாட்டு டாக்டரைச் சைக்கிளில் கூட்டிவந்தார்கள். அவர் வருமுன் செவலை அடங்கிவிட்டது. அவர் தெலுங்குக்காரர். கிடேரியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, “ஏம்மா, இது ஏமி துன்னுச்சி? செப்பண்டி, சீக்கிரம். தெரிஞ்சாதான மந்து போட முடியும்!” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. பாம்பு என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். எனக்குத் தெரியும். நைனாவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அப்போது கூட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவர் முன்னே வந்தார். தறியில் குறுக்கிழையை ஓட்டும் நாடாவை அடிக்கும் தோல் துண்டுகளை நம் தெருவுக்குத் தைத்துத் தருபவர். செத்த மாட்டைத் தூக்கித் தோல் உரிப்பவரும் அவரே. அவருடைய பெயரை நாம் சொன்னதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. அவர் எங்களை “ஆண்டே” என்று அழைக்க வேண்டும், எங்கள் வீட்டுச் சிறுவர்கள்கூட அவரை “டா” போடலாம் என்பது அன்றைய வழக்கம். அன்று காலை தறிகளுக்குத் தோல் மாற்ற வந்திருந்தார். குனிந்து கிடேரியின் வாயைப் பிளந்து மோந்து பார்த்தார்.

“டாக்டரய்யா, இது குச்சிக்கெழங்குத் தண்ணி. சேலத்துல சேகோ பேக்டரில மூணு வருசம் கெழங்கு அலசனவன் நான். அந்த வாய்க்கால்ல குடிக்கிற ஆடெல்லாம் இப்டித்தான் நொர தள்ளிக்கினு உழும்.”

டாக்டர் அவரை ஒருகணம் பார்த்தார். “நிஜமா?”

“என் கையால பத்து ஆடு தூக்கிப் போட்டுக்கீறேன். ஊசி இருந்தா போடுங்க, பேசிக்கினு நிக்காதீங்க.”

இளஞ்சோளப் பயிரைத் தின்று விழும் மாடுகளுக்குப் போடும் மருந்து டாக்டர் பையில் இருந்தது. அதில் பாதி, புகைப்படக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஹைப்போ உப்புதான் என்று பின்னாளில் படித்தேன். கழுத்து நரம்பில் ஏற்றினார்.  கிடேரி முதலில் காதை அசைத்தது. பிறகு தலையைத் தூக்கியது.

மாட்டுக்காரம்மா தோல் தைப்பவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கை இறங்குவதற்குள் தெருத் தலைவர் அவரிடம் கேட்டார்.

“அது இருக்கட்டும். கெழங்குத் தண்ணின்னு உனக்கு எப்டிடா தெரிஞ்சிது?”

“சொன்னேனே ஆண்டே, சேலத்துல…”

“டாக்டருக்கே தெரியல, உனக்குத் தெரிஞ்சிதா? மாடு செத்தா தோலு யாருக்குடா போவுது?”

கூட்டம் ஓர் அடி நெருங்கியது. கிழங்கு அலசுவது எங்கள் வீட்டில்தான் என்பதை எல்லாரும் அறிவார்கள். தலைவர் என் நைனாவைப் பார்த்தார். நைனாவின் முகம் அவருடைய வேட்டியைவிட வெளுத்திருந்தது. அவர் என் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“தண்ணிய எங்கம்மா ஊத்தின?”

அவருடைய விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. அவர் அழுத்தவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெருவின் அத்தனை கண்களும் என் வாயில் இருந்தன. அந்த மனிதரின் கண்களும்.

“குழியிலதான், நைனா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

நைனா நிமிர்ந்தார். “எம் பொண்ணு பொய் சொல்றவ இல்ல. குழி கொல்லைக்கு வெளியில கீது. யார் வேணா மொண்டுக்கினு போலாம்.”

அவ்வளவுதான். மேற்கொண்டு எவரும் எதையும் விசாரிக்கவில்லை. “குழிப்பக்கமே நான் போகல, ஆண்டே! போயி என் கால்தடம் கீதான்னு பாருங்க!” என்று அவர் இரண்டு முறை கத்தினார். யாரோ அவர் முதுகில் கழியால் குத்தினார்கள். செவலையைத் தோலோடு புதைக்க வேண்டும், அதை அவரே செய்ய வேண்டும், அதற்குப் பின் நம் தெருவில் அவர் காலடி படக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். பயனுள்ள தோலை மண்ணுக்குக் கொடுத்தால் அவர் கைக்கு எதுவும் மிஞ்சாது. அதுவே நீதி என்று நினைத்தார்கள். கிடேரியைப் பிழைக்க வைத்தது அவருடைய வாய். அந்த வாயே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

பிற்பகலில் நான் கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நைனாவும் சித்தப்பாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். செவலையைப் புதைத்துவிட்டு, மண் அப்பிய கைகளுடன் அவர் கொல்லைப் பாதையாக வந்தார். எங்கள் தொட்டியருகே நின்றார். குனிந்து உட்பக்கத்தை விரலால் வழித்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். நறநறவென்ற ஓசை எனக்குக் கேட்டது.

நான் வாசல் நிலையை ஒட்டி ஒடுங்கினேன். 

தொட்டியை ஒரு பக்கம் தூக்கி, மிச்சத் தண்ணீரை வடித்து, முழுபலத்துடன் கவிழ்த்துப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“அடியில மாவு ஒட்டிக்கினுகீது பாப்பா. நாலு தபா அலசிட்டு அப்பால தண்ணி ஊத்து. அந்த வெள்ள மாடு இன்னும் உசுரோட கீது, மறுபடி இங்கதான் வரும்.”

நான் கவிழ்ந்த தொட்டியையே பார்த்தேன்.

“பயப்படாத. நான் போய் எவங்கிட்டயும் சொல்லமாட்டேன்.” கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார். குரலில் கனிவு இல்லை, கோபம்தான் இருந்தது. “சொன்னா எவன் நம்புவான்? நான் சொன்னா நிக்காது. நீ சொன்னாதான் நிக்கும்.”

போய்விட்டார். அன்று எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கண்விழித்தபோது கல்தொட்டி அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஈர மண் சதுரமாகத் தெரிந்தது. இரண்டு ஆட்களை வைத்து நைனா அதைக் குழியில் உருட்டி மண் மூடச் செய்திருந்தார். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. என்னிடமும் நைனா எதுவும் கேட்கவில்லை. அவர் இறக்கும்வரை கேட்கவில்லை. விஷம் தண்ணீரோடு போய்விடும், மாவில் நிற்காது என்று சித்தப்பா தெருவுக்கு விளக்கினார்; நம் தறிகள் நிற்கவில்லை என்பது உண்மை. மலரில் அதைப் போடுங்கள்.

சித்தப்பா அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, திருப்பதியில் அவர் படுக்கையில் கிடந்தபோது, அன்று ஏன் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “அண்ணன் கைய புடிச்சிக்கினு கேட்டாரும்மா, உம் பேரு வெளிய வரக்கூடாதுன்னு,” என்றார். பெற்ற மகளைக் காப்பதாக நைனா நினைத்தார். அது எனக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கல்லூரியில் சயனைடு பாடம் வரும்போதெல்லாம் நான் கரும்பலகையில் எழுதமாட்டேன். தட்டச்சு செய்த குறிப்பை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு ஜன்னலருகே நின்றுகொள்வேன். கண்டிப்பான ஆசிரியை என்று பெயர்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டபோது, நம் தெரு முடிந்து பாகாலா பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தடிக் கல்லில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பக்கத்தில் தோல் தைக்கும் பை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. திரும்பிக் கொல்லைப்புறமாக, குளவிப் புதரையும் கடந்து, வயல் வரப்பில் ஓடிப் பள்ளிக்குப் போனேன். மறுநாளும் இருந்தார். பஸ் வந்தது, நின்றது, போயிற்று, அவர் ஏறவில்லை. அன்றும் வரப்பில் ஓடினேன். மூன்றாம் நாளும் அவர் இருந்தார். நான்காம் நாள் கல் காலியாக இருந்தது. அன்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் என்னைப் பிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று மூன்று நாள் காத்திருந்தார்.

தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியது நான்தான்.